நூறு யூனிட் இலவசம், வாடகை வீட்டுக்கு மட்டும் கிடையாது

ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்துபோய் ஹால் ஃபேனை நிறுத்திவிட்டு வருகிறேன். நாலு பேரும் ஒரே அறையில் படுத்தால் ஒரு ஃபேனோடு போகும் என்று கணக்கு. சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பவர்களுக்குக் கத்திரி வெயில் பகலோடு முடிவதில்லை. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரிதான் சூட்டை உள்ளே இறக்கும். சுவரைத் தொட்டால் சுடுகிறது. எட்டு வயதுப் பையன் பாயை விட்டு உருண்டுபோய், நான் ஈரத்துணி போட்டுத் துடைத்த தரையில் படுத்துக்கொள்கிறான். அந்த நேரத்திலும் என் மனதில் ஓடுவது, எங்கள் போர்ஷன் கரண்டைக் கணக்கெடுக்க ஹவுஸ் ஓனர் வைத்த சப் மீட்டர்தான்.

யூனிட்டுக்குப் பத்து ரூபாய். குடிவந்த அன்றே ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். எல்லா இடத்திலும் இதுதான் ரேட் என்றார். வீடு தேடி அலைந்த களைப்பில் நாங்களும் தலையாட்டினோம்.

இந்த மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 மே மாதத்திலிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டில் வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும். தனி இணைப்பு இருந்தால் அதற்கு எழுநூறு ரூபாய் அளவில்தான் பில் வரும். நாங்கள் கொடுப்பது 3000 ரூபாய். ஃபிரிட்ஜ், ஃபேன், மிக்ஸி தவிர வேறு எதுவும் இல்லாத வீட்டில்!

ஏன் இப்படி? மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே இ.பி. இணைப்பு. அதனால் மூன்று குடும்பத்துக்கு வரவேண்டிய 300 இலவச யூனிட் நூறாகச் சுருங்கிவிடுகிறது. அதோடு போகவில்லை. வீட்டு மின்சாரத்தில் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். தனித்தனியாக 300 ஓட்டும் மூன்று குடும்பங்களை ஒரே கார்டில் 900 என்று எழுதினால், பணக்காரர் வீட்டு ஏசிக்குப் போடும் ரேட் எங்கள் ஃபேனுக்கு விழுகிறது. சரி, அந்த 900 யூனிட்டுக்கே கணக்குப் போட்டாலும் ஆறாயிரம் அளவில்தான் வருகிறது. எங்களிடம் வாங்குவது ஒன்பதாயிரம். மிச்சம் யாருக்கு?

போன மாதம் கார்டைப் பார்க்கலாமா சார் என்று கேட்டேன். "என்னம்மா, நம்பிக்கை இல்லையா? இஷ்டம் இல்லேன்னா காலி பண்ணிக்கோங்க" என்றார். கோபப்படக்கூட இல்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் நிறைவேறிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தண்ணீரையும் கரண்டையும் ஓனர் நிறுத்தக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அந்த ஒரு வாய்ப்பை வைத்துத்தான் எல்லோரும் வேறு மாதிரி எழுதிக்கொள்கிறார்கள். நாங்கள் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம், என் தாலிச் சங்கிலியை அடகு வைத்து. அந்தப் பணம் அவர் கையில் இருக்கும்வரை என் வாய் கட்டப்பட்டிருக்கிறது. சண்டை போட்டுக் காலி செய்தால் பெயின்ட்டுக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் பிள்ளைகளோடு நான் எங்கே வீடு தேடுவது? அப்புறம் அந்த வீட்டிலும் யூனிட் பத்து ரூபாய்தானே?

அரசு மானியம் தருவது கரண்டை எரிக்கும் குடும்பத்துக்கா, கார்டில் பேர் உள்ளவருக்கா? எங்கள் வரிப்பணமும் அதில் இருக்கிறது. சோப்பு வாங்கினாலும் பெட்ரோல் போட்டாலும் நாங்களும் வரி கட்டுகிறோம். தனி அடுப்பு, தனி வாசல் என்று இருக்கும் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் வைத்தால்தான் வாடகைக்கு விடலாம் என்று கண்டிப்பாகச் சொல்ல ஏன் ஒருவரும் இல்லை? ரீடிங் எடுக்க வருபவர் எங்கள் மூன்று சப் மீட்டரையும் தாண்டித்தானே போகிறார்?

கீழ்ப் போர்ஷனில் நாலு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. உடம்பெல்லாம் வேர்க்குரு. அந்தப் பெண் நேற்று மாடிப்படியில் நின்று, "அக்கா, பகல்ல ஃபேன் போடவே பயமா இருக்கு" என்று அழுதாள். நான் பொறுத்துப்போனது போதும் என்று அப்போதுதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வீட்டாரும் ஒன்றாகப் போகிறோம். இ.பி. கார்டையும் கடைசி ஆறு பில்லையும் காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறோம்.