நடுச் சக்கரத்துக்குக் காற்றடிக்க ‘யாராவது’ இருக்கிறார்களா?

இன்று காலை ஏழேகால் மணி. குழாயடிக்கு வந்த தெரு ஜனம் மொத்தமும் பார்க்க, சிமெண்டுச் சாக்கை விரித்து என் ஸ்கூட்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். காலுக்குத் தாங்கலாக மாட்டியிருக்கும் காலிப்பரின் பூட்டை விடுவித்துக் காலை மடக்கினால் சக்கரம் கைக்கு எட்டாது. நீட்டினால் பாதித் தெரு என் கால்தான். கன்னம் மட்கார்டில் ஒட்டிக்கொண்டிருக்க, வலது கை முழங்கைக்கு மேல் உள்ளே போயிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு போனவர் நின்று, “என்னண்ணே, சாவி விழுந்துருச்சா?” என்றார்.

காற்றடிக்கிறேன் ஐயா. வெறும் காற்று!

சைடு வீல் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் மாட்டியது. அரசு ஆணையில் அதற்கு ‘இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர்’ என்று நீளமான பெயர். ஊரில் மூணு சக்கர வண்டி. எண்ணிப் பார்த்தால் நான்கு வரும், அதை யாரும் எண்ணுவதில்லை. அந்த எண்ணாமல் விட்ட நடுச் சக்கரம்தான் என் பிரச்சினையே.

இஞ்சின் இழுப்பது அந்த ஒரு சக்கரத்தை மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் இரண்டும் சும்மா உருண்டு வருபவை, நான் சாயாமல் இருப்பதற்காக. நடுவில் காற்று இறங்கினால் பாரம் பக்கச் சக்கரங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும், நடுச் சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றும். போன மாதம் ரயில்வே கேட் பக்கத்து மணலில் ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன், வண்டி உறுமுகிறது, ஓரடி நகரவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன். இறங்கித் தள்ள என்னால் முடியாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

இத்தனை முக்கியமான சக்கரத்தின் வால்வு எங்கே இருக்கிறது? இடது பக்கம் இஞ்சின் அடைத்துக்கொண்டிருப்பதால் வலது பக்கம். வலது பக்கம் சைலன்ஸர். அதற்கு வெளியே சைடு வீலின் இரும்புச் சட்டம், அதற்கும் வெளியே சைடு வீல், மேலே மட்கார்டு. கோயில் மூலவர்கூட இத்தனை பிராகாரத்துக்குள் இருக்கமாட்டார். வண்டி ஓடி வந்திருந்தால் சைலன்ஸர் கையைச் சுடும், அதனால் தரிசனம் அதிகாலையில் மட்டும்.

அதுவும் வால்வு கீழே வந்து நின்றால்தான். மற்றவர்கள் வண்டியைக் கொஞ்சம் உருட்டி நிறுத்திக்கொள்வார்கள். நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, நகர்த்தி, நிறுத்தி, இறங்கிப் பார்க்க வேண்டும். என் டயர் ஒரு சுற்றுக்கு 136 சென்டிமீட்டர் ஓடும். அதில் வால்வு கைக்குச் சிக்கும் இடம் ஒரு சாண் இருந்தால் அதிகம். பின்னாலிருந்து தெரியும்படி டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோடு எங்கே நின்றால் வால்வு அடியில் வரும் என்று கணக்கு வைத்திருக்கிறேன். மழை பெய்தால் கோடும் போச்சு கணக்கும் போச்சு.

சரி, இதற்கென்று கருவி இல்லையா என்பீர்கள். வீட்டில் ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருக்கிறது.

முதலில் வந்தது மாமா ஆசையாக வாங்கிக் கொடுத்த கால் பம்பு. கால் பம்பு! எனக்கு! கொடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் அவரைச் சிரிக்கவைத்து அனுப்பினேன். அடுத்தது சைக்கிள் பம்பு. அதை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நின்று அடிக்க வேண்டுமாம்.

அப்புறம் 1,800 ரூபாய் கொடுத்து, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் குட்டிக் கம்ப்ரஸர் வாங்கினேன். நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். வேண்டிய காற்றழுத்த அளவை வைத்துவிட்டால் தானே நின்றுவிடும். ஆனால் அதன் குழாய் ஒரு முழம்கூட இல்லை, விறைத்த பாம்பு மாதிரி வளையாது. நுனியை வால்வில் திருகி மாட்ட வேண்டும். நான்கு ஐந்து சுற்று திருக வேண்டிய இடத்தில் என் விரலுக்குக் கால் சுற்றுதான் கிடைக்கிறது. கால் சுற்று, விடு, மறுபடி பிடி, கால் சுற்று. பாதி மரை ஏறியதும் உள்ளே இருக்கும் ஊசி அழுந்திவிடும், ‘உஸ்ஸ்’ என்று இருக்கிற காற்றும் போகும். கழற்றும்போதும் அதே உஸ். இன்று காலை 36 ஏற்றினேன், கழற்றிவிட்டு அளவு பார்த்தால் 30. அளவு பார்த்ததில் கொஞ்சம் போயிருக்கும். சின்ன டயர், அதில் இருப்பதே கொஞ்சம் காற்று.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பதே தனிக் கூத்து. என் வண்டிப் புத்தகத்தில் பின்சக்கரத்துக்குத் தனியாகப் போனால் 29, இரண்டு பேர் என்றால் 36. சைடு வீல் மாட்டிய பிறகு எவ்வளவு? எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாக 32 என்று வைத்திருக்கிறேன்.

எல் வடிவப் பித்தளை முனை இரண்டு வாங்கினேன். ஒன்றில் ஊசி கட்டை, வால்வை அழுத்தவே இல்லை. கம்ப்ரஸர் கத்துகிறது, டயருக்குள் ஒரு பொட்டுக் காற்று போகவில்லை. இன்னொன்று அருமையாக வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் கழற்றிச் சாகவேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் பஞ்சர் கடை பாய் வால்வை விரலால் வளைத்துக் காட்டினார், ரப்பர் அடியில் மயிரிழை வெடிப்பு. “பித்தளை வெயிட்டு தம்பி. வீல் சுத்துறப்ப வெளிய பிச்சுக்கிட்டு இழுக்கும்ல?” இழுக்கும்தான். பெட்டியின் மேல் அதை ஒரு வரி அச்சடித்தால் என்னவாம்?

லாரிக்கு மட்டும் வழி இருக்கிறது பாருங்கள். பின்னால் ஜோடி டயர், உள் டயரின் வால்வு எட்டாது. அதற்கென்றே இரண்டு பக்கமும் வாய் வைத்த நீளக் கம்பி முனை எந்த லாரி டயர் கடையிலும் தொங்கும். ஒரு கடையில் கெஞ்சி வாங்கி என் வண்டியில் வைத்துப் பார்த்தேன். 10 அங்குல ரிம்முக்குள் அதன் தலை நுழையவில்லை. லாரிக்காரருக்கு எட்டாது என்று யோசித்த ஒரு மூளை, எனக்கு எட்டுமா என்று யோசிக்கவே இல்லை.

பெட்ரோல் பங்குக்குப் போகலாமே? போனேன். ‘இலவசக் காற்று’ என்று பலகை. பையன் பக்கச் சக்கரம் இரண்டுக்கும் டக்டக்கென்று அடித்தான், நடுவில் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். “உள்ள கன் போகாதுண்ணே. சைடு ரெண்டுக்கும் அடிச்சாச்சு, போதும்ணே.” போதுமாம்! இழுக்கிற மாட்டைப் பட்டினி போட்டுவிட்டு, கூட ஓடி வரும் கன்றுக்குப் புண்ணாக்கு வைத்த கதை. இப்போது பாரம் முன்பைவிடப் பக்கத்தில்தான் உட்காரும் என்று அவனுக்கு விளக்குவதற்குள் பின்னால் நான்கு வண்டி. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

கோபமெல்லாம் சைடு வீல் மாட்டிய பட்டறையில்தான். நேரில் போய்க் கேட்டேன். “எல்லாரும் யாரையாவது விட்டு அடிச்சுக்குவாங்க சார்” என்றார்கள்.

யாராவது! இந்த ‘யாராவது’விடமிருந்து தப்பிக்கத்தானே இந்த வண்டியையே வாங்கினேன்? பள்ளிக்கூடத்துக்கு யாராவது தூக்கிப் போகணும், பஸ்ஸில் யாராவது ஏற்றிவிடணும், ஆபீஸுக்கு யாராவது கொண்டுபோய் விடணும் என்று இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு சாவி கையில் வந்தது. இப்போது வாரம் ஒருமுறை ஒரு பிடி காற்றுக்காக மறுபடியும் அதே யாராவது.

என் பழைய ஆர்சியில் இதற்கு ‘இன்வாலிட் கேரியேஜ்’, அதாவது செயலற்றவர் வண்டி, என்று பெயர். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அந்தச் சொல்லை எடுத்தார்கள், நல்லது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 43-ஆம் பிரிவில், எல்லாருக்கும் ஏற்றபடி வடிவமைத்த பொருட்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. என் வால்வு அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

இத்தனைக்கும் இது ராக்கெட் வேலை இல்லை. எங்கள் அப்பாவின் பழைய சேத்தக் ஸ்கூட்டரில் டியூபோடு வந்த வால்வே வளைந்துதான் இருக்கும். டியூப்லெஸ்ஸுக்கும் ரிம்மிலேயே பொருத்தும் வளைந்த உலோக வால்வு கிடைக்கிறது. மாட்டும்போதே அதைப் போட்டு, வாயைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தால் நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அடித்துவிடுவேன்.

இப்போது போடலாமா என்று பாயிடம் கேட்டேன். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். சைடு வீல் சட்டத்தைக் கழற்றணும், சைலன்ஸரை இறக்கணும், அப்புறம்தான் வீல் வெளியே வரும், அரை நாள் வேலை. “டயர் மாத்துறப்ப சேத்துப் பண்ணிருவோம் தம்பி, தனியா எதுக்குக் காசு?” என்றார். நியாயம்தான். ஆனால் டயரில் பட்டன் இன்னும் புதுசு மாதிரி நிற்கிறது. வேண்டுமென்றே பிரேக் பிடித்துத் தேய்த்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.