வெளிநாட்டுக்கு ஒளிபரப்பும் அரசுத் தொலைக்காட்சியில் நம் ஊர்க்காரருக்கு இடம் உண்டா?

தூர்தர்ஷனின் வெளிநாட்டு ஒளிபரப்பான டிடி இந்தியாவை முழுநேர ஆங்கிலச் செய்தி அலைவரிசையாக மாற்றியதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. 1995 மார்ச்சில் டிடி இன்டர்நேஷனல் என்று தொடங்கி, இடையில் டிடி வேர்ல்ட் ஆகி, பின்னர் இன்றைய பெயரைப் பெற்ற அந்த அலைவரிசையில் ஒரு காலத்தில் தமிழ் உட்படப் பல இந்திய மொழி நிகழ்ச்சிகள் வந்தன. 2019-இல் அந்த முகம் மாறிவிட்டது. இந்தியாவின் தரப்பை உலகுக்குச் சொல்ல ஆங்கிலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், வெளிநாட்டுப் பார்வையாளர் என்றவுடன் தூதரக அதிகாரியும் பேராசிரியரும் மட்டுமே நினைவுக்கு வருவது என்ன கணக்கு? கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர் பக்கம் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று பட்டப்பெயரே உண்டு. இவர்களும் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள்தாம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது என் மைத்துனர் ஷார்ஜாவில் இருந்தார். ஊரில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் செயலிழந்துவிட்டன, அவருடைய பெற்றோரிடமிருந்து தகவலும் இல்லை. அறையில் எட்டுப் பேர் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு தமிழ் அலைவரிசையாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கடற்கரையில் குடையோடு போராடும் செய்தியாளரும், சாய்ந்து கிடந்த அதே தென்னந்தோப்பும் திரும்பத் திரும்ப வந்தனவே தவிர, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பள்ளியில் முகாம் நடக்கிறது, எந்த எண்ணில் விசாரிப்பது என்பதை ஒருவரும் நிதானமாகச் சொல்லவில்லை. மாவட்ட நிர்வாகத்திடம் அந்த விவரங்கள் இருந்தன. அவற்றை வாங்கி, தமிழில் ஊர் ஊராக வாசித்துக் கடல் கடந்து சேர்ப்பது, விளம்பர வருவாயை மட்டும் நம்பி இயங்க வேண்டிய கட்டாயம் இல்லாத அரசு ஒளிபரப்பாளர் செய்ய வேண்டிய வேலை. அந்த எட்டுப் பேருக்கும் அன்று இரவு வேறு எந்தச் செய்தியும் தேவைப்படவில்லை.

'யூடியூபில்தான் எல்லாம் கிடைக்கிறதே' என்பார்கள். கிடைக்கிறது, திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்தின கீர்த்தனைகளைக்கூட எங்கிருந்தும் பார்த்துவிடலாம். ஆனால் நெருக்கடி நேரத்தில் உண்மையையும் வதந்தியையும் பிரித்துத் தருவதற்குப் பொறுப்பேற்ற ஓர் ஆசிரியர் குழு வேண்டும். கஜா வந்த வாரத்தில் பழைய புயல்களின் காணொளிகள் வாட்ஸப்பில் புதியவை போலச் சுற்றியதை நாங்களே பார்த்தோம்.

பிற நாட்டு அரசுகள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. பிபிசி 1941-இலேயே தமிழில் பேசத் தொடங்கியது. சீன வானொலியின் தமிழ்ச் சேவை 1963 முதல் ஒலித்தது. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லெயும் இன்று தமிழில் செய்தி தருகிறது. எங்கள் கடற்கரையிலோ, இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களின் குரலைக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதுவும் இன்னொரு நாட்டின் அரசு வானொலிதான். ஆனால் பாட்டுக்கு நடுவே பெயர் சொல்லி வாழ்த்திய அந்தக் குரலை யாரும் அந்நியக் குரலாக நினைக்கவில்லை. (அரசின் குரலை மட்டுமே ஓங்கி ஒலித்த ரஷ்யாவின் ஆர்டி தொலைக்காட்சி 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைக்குள்ளானது. பிரச்சாரத்தின் ஆயுள் அவ்வளவுதான். நம் அலைவரிசைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.)

இதற்குப் புதிய அலைவரிசை தேவையில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் செய்திப் பிரிவு இருக்கிறது. பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன அலைவரிசையும் இருக்கிறது. டிடி இந்தியாவில் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, கடவுச்சீட்டு, தொழிலாளர் சட்டம், தூதரக அறிவிப்புகள், மேட்டூர் நீர்மட்டம், டெல்டாவின் மழை நிலவரம் ஆகியவற்றைத் தமிழில் சொன்னால் போதும். நம் நேரம் இரவு 10.30 என்றால் துபாயில் 9 மணி, வேலை முடிந்து சாப்பிட்டு உட்காரும் நேரம். சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகிவிடும். அவர்களுக்காக மறுநாள் மாலை மறு ஒளிபரப்பு வேண்டும்.