தூக்கத்துக்கு அப்பால் கும்பகருணன்

கும்பகருணனைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவனைத் தூக்கத்துக்கும் பெருந்தீனிக்கும் மட்டுமே உரியவனாகச் சுருக்கிவிட்டது என்பது என் வருத்தம். கம்பனின் யுத்த காண்டத்தில், சீதையை விட்டுவிடும்படி அண்ணன் இராவணனிடம் முகத்துக்கு நேரே சொல்பவன் அவன். இராமன் பக்கம் வந்துவிடுமாறு, ஏற்கெனவே அங்கே சேர்ந்துவிட்ட தம்பி வீடணன் வந்து அழைக்கும்போது, தன்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் வர முடியாது என மறுக்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தே மறுக்கிறான் என்பதுதான் அந்த இடத்தின் கனம். (பட்டிமன்றங்களில் இதைச் செஞ்சோற்றுக் கடன் என ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.) மூக்கும் காதும் இழந்து வீழும் தறுவாயில் இராமனிடமே இரண்டு வரம் கேட்கிறான். வீடணனை இராவணனிடமிருந்து காக்க வேண்டும். மூக்கில்லாத தன் முகத்தை எவரும் காணாதபடி தலையைக் கடலில் ஆழ்த்த வேண்டும். இரண்டாவது வரத்தில் தெரியும் அந்த நாணம் கட்டுரையில் ஒரு வரியாவது பெற்றிருக்கலாம்.