பழகிக்குமாம்!

அழகர்மலை அடிவாரத்தில் ஜூன் 5 அன்று நடந்த மரம் நடு விழா வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சிறப்புப் பேச்சாளர் சொன்னது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. "வெயில் கூடுதுன்னு பயப்படாதீங்க. கரியமில வாயுதான் மரத்துக்குச் சாப்பாடு. அது கூடுனா மரம் இன்னும் நல்லாத்தான் வளரும். காடு தானாப் பழகிக்கும்." உடனே கைதட்டல். தட்டியவர்களில் நாலைந்து பேர் என் நண்பர்கள், அதையும் பார்த்தேன்.

பழகிக்கும் என்கிறீர்களே, எத்தனை காலத்தில் என்று ஒருவராவது கேட்டீர்களா?

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எரிச்சலே. முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வாயு கூடினால் இலை தன் துளைகளைக் கொஞ்சமாகத் திறந்தே வேண்டியதை எடுத்துக்கொள்ளும், தண்ணீர் மிச்சமாகும். சரி. ஆனால் மண்ணில் சத்து? ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்தில், வளர்ந்து நிற்கிற யூகலிப்டஸ் காட்டுக்குள் குழாய் வைத்து வருடக்கணக்கில் இந்த வாயுவைக் கூடுதலாக விட்டுப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. இலைகள் கூடுதலாக உள்ளே இழுத்தன, ஆனால் மரம் பருக்கவில்லை. பாஸ்பரஸ் என்ற சத்து குறைவான மண். கூடுதலாக இழுத்ததில் பெரும்பகுதி மண் வழியாகவும் மரத்தின் மூச்சு வழியாகவும் திரும்பக் காற்றுக்கே போய்விட்டது.

அது ஆஸ்திரேலியா, இது மதுரை என்பீர்கள். சரி, மதுரைக்கு வருவோம். இங்கே முதல் பிரச்சினை தண்ணீர். வெயில் ஏற ஏறக் காற்று வறண்டு, இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. மரம் இலைத்துளையை மூடினால் உணவு தயாரிக்க முடியாது. திறந்தே வைத்தால் வேரிலிருந்து உச்சிவரை போகிற தண்ணீர்க் கம்பி அறுந்து, உள்ளே காற்றுக்குமிழி புகுந்துவிடும். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். போர் தண்ணீர் கீழே இறங்கியதும் மோட்டார் ஏர் பிடித்துக்கொள்வதைத் தினமும் பார்க்கிறேன். மரத்துக்குள் நடப்பதும் அதுதான். மோட்டாரை நான் சரிசெய்து தருவேன். மரத்தை?

நம் மலைக்காட்டு மரங்கள் ஒன்றும் தெரியாதவை அல்ல. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். புங்கன் கொளுத்துகிற வெயிலிலேயே தளிர்விடும். இதெல்லாம் ஆயிரக்கணக்கான வருடம் வறட்சி பார்த்துப் பார்த்து, தாங்காதது செத்து, தாங்கியது விதை போட்டு வந்த குணம். பழகுவது என்றால் காட்டில் அதுதான் அர்த்தம். ஒரு மரம் தன் ஆயுளுக்குள் இலையைச் சிறிதாக்கலாம், வேரை ஆழமாக விடலாம். அதற்குமேல் மாற வேண்டுமானால் அடுத்த தலைமுறை வர வேண்டும். அது வந்து காய்ப்பதற்குள் நமக்குப் பேரன் எடுத்தாகிவிடும். காலநிலை மாறுகிற வேகமோ அப்படி இல்லை.

இதை நம் குழுவில் சொன்னதற்கு, காடு குளிர்ந்த இடம் தேடி மேலே ஏறலாமே என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். ஐயா, அழகர்மலை என்ன இமயமலையா? உச்சிக்கு மேலே எங்கே ஏறும்? பக்கத்துச் சிறுமலைக்குப் போகலாம் என்றால் நடுவில் நத்தம் ரோடு, வயல், பிளாட். விதையைத் தூக்கிப் போக வேண்டிய பறவையும் மரநாயும் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும்.

என் அப்பத்தா ஊர் மேலூர்ப் பக்கம். வரப்பில் ஒரு உசில் மரம் நின்றது. அதன் இலையைக் காயவைத்து இடித்துத்தான் எங்கள் எல்லோருக்கும் தலைக்குத் தேய்ப்பார். ஷாம்பூ பாக்கெட்டைக் கண்டால் அப்பத்தாவுக்கு ஆகாது, அது தனிக்கதை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். அடுத்த கோடையில் சித்தப்பாவின் தென்னைகள் வரிசையாகத் தலை சாய்ந்தன. உசில் நின்றது. பிறகு ஒருநாள் பிளாட் போட வந்தவர்கள் அதை வெட்டிவிட்டு, எல்லைக்கல் ஓரத்தில் பத்துச் செடி நட்டார்கள். ஒன்றுக்குப் பத்து, கணக்கு சரியாம்! அந்த மோசமான வறட்சியைத் தாண்டிய மரம் போடுகிற விதையும், எங்கோ நர்சரியில் நிழல்வலைக்குள் வளர்ந்த செடியும் ஒன்றா?

இதைத்தான் அடிவாரத்தில் திரும்பச் செய்திருக்கிறார்கள். முள்ளுக்காடு என்று சொல்லி ஜேசிபி விட்டுத் துடைத்த இடத்தில் உசில் கன்று இருந்தது, கிளுவை இருந்தது, காரைச் செடி இருந்தது. நட்டது மகோகனி! அமெரிக்கக் கண்டத்து மரம். பழகிக்கொண்டவற்றைப் பிடுங்கிவிட்டு, பழகாததை நட்டுவிட்டு, மேடையேறிப் பழகிக்கும் என்றால் எனக்குக் கோபம் வராதா?

'சீமைக்கருவேலம் பழகிக்கிச்சே அண்ணே' என்று ஒரு தம்பி. நல்ல கேள்வி. ஆமாம், அது எந்த வறட்சியையும் தாங்கும். 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே அகற்றச் சொல்லி உத்தரவு போட்டும் இன்னும் கண்மாய்க்குள் நிற்கிறதே. ஏதோ ஒரு மரம் எப்படியும் இருக்கும், நான் மறுக்கவில்லை. எது இருக்கும் என்பதுதான் கேள்வி. இதற்குமேல் தம்பிக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை.

'இப்ப வரைக்கும் ஒண்ணும் சாகலையே' என்று இன்னொருவர். முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் மரம் மரமாக எண் போட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் அளந்து வருகிறார்கள். அங்கே தெரியவந்தது என்ன தெரியுமா? வறட்சி வந்த வருடமே மரங்கள் சாவதில்லை. ஓரிரண்டு வருடம் கழித்துத்தான் சாவு கூடுகிறது. அப்போது நல்ல மழையும் பெய்துகொண்டிருக்கலாம், பழைய வறட்சிதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

அப்புறம் அந்தக் கமெண்ட். "அண்ணே, நீங்க காயில் கட்டுற வேலையைப் பாருங்க, தாவரவியல் நமக்கெதுக்கு?" இதற்கு முப்பது பேர் சிரித்திருக்கிறார்கள். அதிலும் தெரிந்த முகங்கள். அந்தப் பேச்சாளர் தாவரவியல் படித்தாரா என்று யாரும் கேட்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், போதும். மரம் நடுவதையே எதிர்க்கிறேன் என்றும் சொல்கிறார்கள். 33 சதவீதம் பசுமைப் பரப்பு என்று அரசு வைத்த இலக்கு நல்ல இலக்குதான், நான் எங்கே எதிர்த்தேன்? மதுரைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நட்டால் அடுத்து வருவது ஆடிக் காற்று, பிஞ்சுச் செடியைக் காயப்போட்டுவிடும் என்று போன வருடமே சொன்னேன். 'உலகச் சுற்றுச்சூழல் தினத்தை ஐப்பசிக்கு மாத்த முடியுமாண்ணே' என்று கிண்டல் செய்தார்கள்.

நட்டாயிற்று, மகோகனியோ எதுவோ, அதுவும் உயிர்தானே. இப்போது யார் தண்ணீர் ஊற்றுவது என்று குழுவில் கேட்டேன். கடையைச் சாத்திவிட்டு வண்டியில் கேன் கட்டி நானே வருகிறேன், கூட இரண்டு பேர் வந்தால் போதும் என்றேன். இதுவரை கட்டைவிரல்கள்தான் வந்திருக்கின்றன. ஒருவர் கைகூப்பியிருக்கிறார்.