சிரிப்பதற்கு முன் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்திருக்க வேண்டும்

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவின் ஒரு சிறு மாரியம்மன் கோவிலில் பெரியவர் ஒருவர் தமிழ்ப் பாட்டுப் பாடுவதைப் படமெடுத்து, அவருடைய உச்சரிப்பைக் கேலி செய்து, அதன் அடியில் சிரிப்புக் குறிகளை வரிசையாக அடுக்கிப் போட்ட அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் இந்த வாரம் பார்த்திருப்பீர்கள். பாரீசிலிருந்து விடுமுறைக்குப் போன நம்மவர்கள் எடுத்தது. எனக்கு ஆறேழு பேர் அனுப்பினார்கள். அவர்களில் மூன்று பேர் தாங்களும் சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். எடுத்தவர்கள் யார் என்பதை இங்கே எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தப் பெரியவர் தமிழைக் கெடுக்கவில்லை. தமிழ் எழுத்து கைவிட்டுப் போன பிறகும் காதால் மட்டுமே 170 ஆண்டுகள் காப்பாற்றப்பட்ட தமிழை அவர் பாடினார்.

நீ என்ன கண்டாய் என்று கேட்பவர்களுக்காக, நான் அங்கே போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு ஆகஸ்டு மாதம் நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் மூன்று வாரம் குவாதலூப்பில் இருந்தோம். கடலில் குளிக்கலாம், பிள்ளைகளின் உடம்பில் கொஞ்சம் வெயில் படும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. எட்டு மணி நேரத்துக்கும் மேல் பறந்து போய் இறங்கினால் அங்கேயும் அதே யூரோ, அதே பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகள், அதே தபால் நிலையம். ஆனால் சாலையின் இருபுறமும் கரும்பும் வாழையும். "அம்மா, இது திருநள்ளாறு போற ரோடு மாதிரியே இருக்கு" என்றாள் என் மகள். அவளுக்கு 14 வயது. காரைக்காலை இதுவரை மூன்று முறைதான் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்டு 10ஆம் தேதி, சமையற்காரர்களின் காவலரான புனித லாரன்சின் திருநாள். அதையொட்டிப் புவாந்தாபித்ர் நகரில் சமையற்காரப் பெண்களின் விழா நடக்கிறது. அகலமான பாவாடை, கழுத்து நிறையத் தங்க மணிகள், தலையில் கட்டம் போட்ட துணி, கையில் காய்களும் பண்டங்களும் நிறைந்த கூடை என்று தேவாலயத்துக்கு வந்து, கூடைகளை மந்திரித்து வாங்கிக்கொண்டு, பாடியபடியே தெருவில் இறங்கி நடக்கிறார்கள். அந்தத் தலைத்துணிக்கு அங்கே பெயர் மத்ராஸ். நம் மதராஸ்தான். கூலி ஒப்பந்தக் கப்பல்கள் புறப்படுவதற்கு வெகு முன்பே வணிகர்கள் வழியாக அந்தத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்த நம் கரையின் கைத்தறித் துணி. என் அப்பா வீட்டில் கட்டியிருந்த கைலியின் அதே சிவப்பும் மஞ்சளும் ஒரு கறுப்பின மூதாட்டியின் தலையில் விறைப்பாக நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மகள் அவரிடம் போய் அந்த முடிச்சைப் பற்றிக் கேட்டாள். அவர் குனிந்து காட்டினார். ஒரு நுனி மட்டும் மேலே நீண்டிருந்தால் மனத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, இரண்டு நுனி என்றால் கொடுத்தாயிற்று, மூன்று என்றால் திருமணமானவள். நான்கு என்றால் என்ன என்று மகள் கேட்க, "நீ பெரியவளானதும் வா, சொல்கிறேன்" என்று அவள் கன்னத்தைத் தட்டினார்.

அந்த ஊர்ச் சந்தையில் கொலொம்போ என்று ஒரு பொடி விற்கிறார்கள். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு. குழம்பு என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்பவர்கள் உண்டு, இலங்கையின் கொழும்பு நகரத்தின் பெயர் என்பவர்களும் உண்டு. அதைப் போட்டு வைத்த ஆட்டுக்கறியை ஒரு வாய் சாப்பிட்ட என் கணவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் பிரெஞ்சுப் பெயர். குடும்பப் பெயர் மட்டும் 'சாமி' என்று முடியும். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் குடும்பத்தின் வேண்டுதல் பூசைக்கு எங்களைக் கூப்பிட்டார். வாழைத்தோட்டத்துக்கு நடுவே நான்கு சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சிறு கோவில். உள்ளே அவர்கள் மாலியெமென் என்று அழைக்கும் மாரியம்மன், வெளியே அவர்கள் மல்தெவிலின் என்று அழைக்கும் மதுரை வீரன். தப்பு மேளத்தை அங்கேயும் தப்பு என்றுதான் சொல்கிறார்கள். தோல் விறைப்பதற்காக வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் காட்டினார்கள்; என் ஊர்த் தெருவில் சிறு வயதில் எந்த வாசனையில் நின்றேனோ அந்த வாசனையில் மறுபடியும் நின்றேன்.

இப்போது காணொளியில் நீங்கள் பார்த்த அந்தப் பெரியவருக்கு வருகிறேன். ஆம், அவரேதான். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கட்டம் போட்ட நோட்டு, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை, ஓரங்களில் மஞ்சள் கறை. அதில் பாட்டுகள் வரிக்கு வரி பிரெஞ்சு எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அவருடைய தாத்தா பாடியதை அவருடைய அப்பா காதால் கேட்டு, தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தில் எழுதி வைத்தது. நோட்டு கிழிந்தபோது இவர் இன்னொரு நோட்டில் படியெடுத்திருக்கிறார். பிரெஞ்சு எழுத்தில் ழகரம் இல்லை, ணகரம் இல்லை, றகரம் இல்லை. எழுத்தில் இல்லாததை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? அப்படியிருந்தும் அவர் பாடப் பாட, புரியாத ஓசைகளுக்கு நடுவே 'தாயே' என்றும் 'அம்மா' என்றும் 'வேப்பிலை' என்றும் சொற்கள் முழுசாக எழுந்து வந்தன. நான் அழுதேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இந்த மக்கள் எப்படி அங்கே போனார்கள் என்பது, சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். 1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளியின் கரும்புக் காட்டில் பழைய நிலையில் உழைக்க மறுத்தார்கள். அந்த இடத்தை மலிவாக நிரப்புவதற்காக எங்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பரில் முதல் கப்பல் குவாதலூப்பில் ஒதுங்கியது. 1880களின் இறுதி வரை 40,000க்கும் மேற்பட்டவர்கள் போய் இறங்கினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள்; பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை. அந்த மண்ணில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கபெஸ்தேர் ஊரைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. இந்த நிலையில் வாழ்ந்தவர்களுக்கு யார் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள்? யார் ஊரிலிருந்து ஓர் அரிச்சுவடியாவது அனுப்பினார்கள்? எதுவும் இல்லாமல், காதை மட்டும் நம்பிக் காத்தார்கள். அதைத்தான் நாம் 40 நொடிக் காணொளியாக்கிச் சிரித்தோம்.

இதைச் சொன்னதும் எனக்கு வந்த பதில்கள் எனக்கு முன்பே தெரிந்தவைதான். "சும்மா ஒரு தமாசு, இதற்குப் போய் இவ்வளவு கோபமா?" என்றார் ஒருவர். தமாசு என்றால் இருவரும் சிரிக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு எதற்காகச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. படமெடுத்தவர்களை விருந்தாளி என்று நினைத்து அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார், அதையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள்.

"தவறான உச்சரிப்பைத் தவறு என்று சொல்லக் கூடாதா?" என்று இன்னொருவர், அதுவும் தமிழாசிரியர், கேட்டிருக்கிறார். ஐயா, சொல்லலாம், படித்தவனிடம் சொல்லலாம். என் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆடி மாதம் முழுவதும் விளக்கு வைத்ததும் அம்மன் பாட்டு பாடுவார். பிற்பாடு நான் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆயாவின் பாட்டில் பாதிச் சொற்கள் வேறாக இருந்தன. சில சொற்களுக்குப் பொருளே இல்லை. அதைச் சுட்டிக்காட்டி என் ஆயாவைப் பார்த்து எங்கள் தெருவில் ஒருவர்கூடச் சிரித்ததில்லை; அவர் பாடினால் அம்மை இறங்கும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆயா பாடினால் பக்தி, கடலுக்கு அப்பால் போன ஆயாவின் ஒன்றுவிட்ட உறவு பாடினால் கேலியா? இந்தக் கேள்விக்கு அந்த ஆசிரியர் இதுவரை பதில் சொல்லவில்லை.

அந்தக் கோவில் பூசையில் ஆடு வெட்டுவதைப் பற்றியும் சிலர் எழுதினார்கள். அதைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. கிராமத்துக் குலதெய்வக் கோவிலில் பிரியாணி சாப்பிட்டு வந்தவர்கள் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். அன்று அந்த ஆட்டைக் கொலொம்போவாக்கி, வாழை இலை போட்டு, தோட்டத்துக் கறுப்பின அண்டை வீட்டார் உட்பட வந்தவர் எல்லோருக்கும் கையால் பரிமாறினார்கள். என் பத்து வயது மகன் இலையில் சோறு ஓடாமல் சாப்பிடக் கற்றது அங்கேதான்.

நீயும் படமெடுத்தாயே என்று கேட்பீர்கள். எடுத்தேன். கேட்டுவிட்டு எடுத்தேன், என் வீட்டு ஆல்பத்தில் வைத்திருக்கிறேன்.

சிரித்தவர்கள் மேல் மட்டுமல்ல, இன்னொரு கூட்டத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. காணொளியின் கீழே 'கரீபியனையும் ஆண்ட தமிழன்' என்று எழுதியிருக்கிறார்களே, அவர்கள் மேல். யாரை ஆண்டோம்? கரும்பு வெட்டினோம். அந்தத் தீவு முதலில் யாருடைய வலியைச் சுமக்கிறது என்பதாவது தெரியுமா? நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தபோது, சரணடைய மறுத்த படை அதிகாரி லூயி தெல்கிரேசும் அவருடன் நின்றவர்களும் 1802 மே மாதம் அந்தத் தீவின் மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தாங்களும் மாண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அங்குள்ள கறுப்பின மக்களின் முழவிசையும் ஆட்டமுமான குவோக்காவைக் கேட்கப் போயிருந்தோம். பூலா என்னும் முழவைப் படுக்கவைத்து அதன் மேல் ஏறி அமர்ந்து அடிக்கிறார்கள். மக்கே என்னும் இன்னொரு முழவு, நடுவில் ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே அடிக்கப்படுகிறது. ஆட்டக்காரி கால் மாற்றினால் முழவு மாறுகிறது, அவள் நின்றால் நிற்கிறது. முழவுக்கு ஏற்ப ஆடித்தான் எனக்குப் பழக்கம். அங்கே அவள் காலுக்கு முழவு கட்டுப்படுகிறது. கேவலம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட அந்தக் கலையை 2014இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களில் சேர்த்தது. அவர்கள் தங்கள் கிழவர்களின் முழவைக் கேலி செய்திருந்தால் அது அங்கே வந்து சேர்ந்திருக்காது.

நம் மக்களுக்கும் அங்குள்ள கறுப்பின மக்களுக்கும் தொடக்கத்தில் ஆகவில்லை. கூலி குறைவதற்குக் காரணமாக வந்திறங்கியவர்களை அவர்கள் எப்படி வரவேற்பார்கள்? அந்த ஊர்க் கிரியோல் மொழியில் 'கூலி' என்பது வசைச் சொல். பக்கத்து வீட்டுப் பெண்மணி, சிறு வயதில் பள்ளி முற்றத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டுக்கு ஓடி வந்ததை என்னிடம் சொன்னார். தமிழில் வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்பதற்காகவே அவருடைய அம்மா பாட்டுக் கற்கவில்லையாம். இப்போது அந்த முற்றத்துச் சிரிப்பை நாம் கொண்டுபோய் அவர்கள் கோவிலுக்குள்ளேயே வைத்துவிட்டோம்.

என் மகளுக்கு இது புரிந்தது. ஏனென்றால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரீசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில், அவள் 'மழை' என்பதை 'மலே' என்று சொல்லிவிட்டாள் என்று நம் உறவினர்கள் நாலைந்து முறை அவளைத் திருப்பிச் சொல்ல வைத்துச் சிரித்தார்கள். நானும் சபையில் எதுவும் பேசாமல் இருந்துவிட்டேன். அதிலிருந்து அவள் வெளியாட்கள் முன்னால் தமிழ் பேசுவதில்லை. குவாதலூப்பில் அந்தப் பெரியவரின் நோட்டைப் பார்த்தபோதுதான், "அம்மா, இவர் என்னை மாதிரி எழுதி வெச்சிருக்கார்" என்று தமிழில் சொன்னாள். ஆமாம், அவளும் பாட்டு வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறாள். பெரியவர் அவளிடம் நோட்டைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து ஒரு பக்கம் படித்தார்கள். இருவர் வாயிலும் ழகரம் வரவில்லை.

இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்ததற்கு உண்மைக் காரணம் வேறு. முந்தாநாள் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி வாட்ஸப்பில் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பினார். அந்தப் பெரியவர் அவருக்குத் தாய்மாமன். மாமாவின் பாட்டு பாரீசு வரைக்கும் போய்விட்டது என்று குடும்பமே மகிழ்ந்துபோயிருக்கிறது, கீழே தமிழில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், எங்களால் படிக்க முடியவில்லை, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்து அனுப்புவாயா, மாமா கேட்கிறார் என்று எழுதியிருந்தார்.

நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. காணொளியைப் போட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்ன எழுதட்டும்?