ஹாரியின் கவுனும் ஃபிராய்டும்

'இன்செப்ஷன்' வந்தது 2010-இல். இன்றும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், கடைசிக் காட்சியில் மேசைமேல் சுற்றும் பம்பரம் விழுந்ததா இல்லையா என்பதிலேயே போய் நிற்கிறது. விழுந்தால் நிஜம், விழாவிட்டால் கனவு. இவ்வளவு நல்ல படத்தை இந்த ஒரு கேள்விக்குள் அடைத்துவிடுகிறோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். எது நிஜம் என்பதற்குப் படம் பதில் சொல்லும் இடம் அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. கதாநாயகன் காப்பின் இறந்துபோன மனைவி மால், கனவின் அடியாழத்தில் அவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காப் அவளிடம் சொல்வதன் சாரம் இதுதான்: உன் குறை நிறை எல்லாவற்றோடும் உன்னை முழுசாகக் கற்பனை செய்ய என்னால் முடியவில்லை, என்னால் முடிந்தது இந்த நிழல்தான், இது போதவில்லை.

இதைவிடக் கறாரான நிஜப் பரிசோதனை அந்தப் படத்தில் வேறு கிடையாது.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். அறிவியல் புனைகதைப் படங்கள் 'எது நிஜம்?' என்று கேட்கும்போது, நல்ல படமாக இருந்தால், அடியில் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: யாரை இழந்ததை இந்த மனிதனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை? 'மேட்ரிக்ஸ்' போன்ற படங்களைப் பேச தெகார்த், பிளேட்டோ போன்ற தத்துவவாதிகள் போதும். இந்த இரண்டாவது கேள்விக்கு அவர்கள் போதாது. அங்கே உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

ஃபிராய்ட் பெயரைச் சொன்னதுமே, "அவர் காலாவதியாகி எவ்வளவு நாள் ஆச்சு!" என்று ஒரு கமென்ட் வரும். சரி. பொய் என்று நிரூபிக்கவே வழியில்லாத கோட்பாட்டுக்குத் தத்துவவாதி கார்ல் பாப்பர் காட்டிய உதாரணமே உளப்பகுப்பாய்வுதான். பெண்களைப் பற்றி ஃபிராய்ட் எழுதியதில் பாதியை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் 1917-இல் வெளியான 'துக்கமும் மெலங்கோலியாவும்' (மெலங்கோலியா என்றால் விட்டு விலகாத ஆழ்ந்த சோர்வு) என்ற அவருடைய சிறிய கட்டுரையை ஒருமுறை படித்துவிட்டு இந்தப் படங்களைப் பாருங்கள் என்பேன். துக்கம் என்பது ஒரு வேலை என்கிறார் அதில். போனவர் போய்விட்டார் என்று நிஜம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மனசு கேட்பதில்லை. ஒவ்வொரு நினைவாக எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் பிரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. சிலரால் அது முடியாமல் போகலாம். அப்போது நிஜத்தை உதறிவிட்டு, இல்லாதவரை மாயத்தோற்றமாகவே பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கும் மனசு போகும் என்கிறார்.

அம்மா போன பிறகு, மார்க்கெட்டில் பிஞ்சுக் கத்தரிக்காயைப் பார்த்தால் அவளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்ல என் கை தானாகவே பாக்கெட்டுக்குப் போகும். போனைத் தொட்ட பிறகுதான் நினைவு வரும். நிஜத்தைச் சோதிப்பது என்று ஃபிராய்ட் சொல்வது இதைத்தான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பம்பரம் சுற்றிப் பார்ப்பதற்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

இதை முழுப் படமாக எடுத்துக் காட்டியவர் சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி. 1972-இல் வந்த 'சொலாரிஸ்', போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் 1961-இல் வெளியிட்ட நாவலை வைத்து எடுத்தது. சோவியத் யூனியனில் ஃபிராய்டைப் பல பத்தாண்டுகளாக ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். அங்கிருந்து இப்படி ஒரு படம் வந்தது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

சொலாரிஸ் என்பது ஒரு கிரகம். அதன் மேற்பரப்பு முழுக்க ஒரு கடல், அந்தக் கடலுக்குச் சிந்தனை உண்டு. ஆய்வு நிலையத்தில் இருப்பவர்களின் மனசுக்குள்ளிருந்து ஆட்களை எடுத்து, ரத்தமும் சதையுமாக அவர்கள் அறைக்கே அனுப்பிவிடுகிறது. உளவியலாளர் கெல்வின் அங்கே போய்த் தூங்கி எழுகிறான். எதிரே ஹாரி. பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி.

இங்கே ஒரு காட்சி. ஹாரியின் கவுனைக் கழற்ற வேண்டியிருக்கிறது. முதுகுப் பக்கம் நாடா கோத்திருக்கிறது, ஆனால் அதை அவிழ்க்க வழியில்லை. உடையில் திறப்பே கிடையாது. கெல்வின் கத்தரிக்கோல் எடுத்து வெட்டுகிறான். வசனமாக யாரும் எதையும் விளக்குவதில்லை. ஆனால் அவள் எதனால் செய்யப்பட்டவள் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. அவன் நினைவில் நாடா இருந்தது. அதை எப்படி அவிழ்ப்பது என்பது இல்லை. அதே ஹாரியின் கையில் விஷ ஊசி குத்திய தடம் மட்டும் துல்லியமாக இருக்கிறது. கணவனாக வாழ்ந்த காலத்தில் கவனிக்காமல் விட்டது கடலுக்குக் கிடைக்கவில்லை, குற்றவுணர்ச்சி பத்திரப்படுத்தி வைத்தது அப்படியே கிடைத்திருக்கிறது. ஒரு மனிதனின் மனசு எப்படிப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கெல்வின் என்ன செய்கிறான்? அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அந்த நெருப்பில் தானே காயப்படுகிறான். தூங்கி எழுந்தால் மறுபடியும் ஹாரி. அவள் கழற்றிப் போடும் சால்வை, ஏற்கெனவே அங்கே கிடக்கும் அதே மாதிரிச் சால்வைமேல் போய் விழுகிறது. அழுத்தி அனுப்பியது திரும்பி வரும் என்று ஃபிராய்ட் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார். இங்கே அதற்கு இரண்டு சால்வைகள் போதுமாக இருக்கிறது.

மனசின் அடியில் கிடப்பது வெளியே வந்து நிற்கும் கதையை இதற்கு முன்பே ஹாலிவுட் எடுத்துவிட்டது. 1956-இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' அது. அங்கே 20 மைல் நீள அகலத்தில் பூமிக்கடியில் ஒரு இயந்திரம், நினைத்ததைப் பொருளாக்கும். அதைக் கட்டிய கிரெல் இனம் ஒரே இரவில் அழிந்தது, தன் மனசின் அடியாழத்து வெறியை மறந்துவிட்டதால். டாக்டர் மார்பியஸ் தூங்கும்போது அவருடைய இட், அதாவது மனசின் அடியில் கிடக்கும் கட்டுக்கடங்காத ஆசை, கண்ணுக்குத் தெரியாத மிருகமாகி ஆட்களைக் கொல்கிறது. படம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் இட் ஒரு மிருகம், அவ்வளவுதான். துப்பாக்கியால் சுடப் பார்க்கலாம், மின்வேலி போட்டுத் தடுக்கப் பார்க்கலாம். ஆசையும் துக்கமும் சேர்ந்துதான் ஒரு ஆளை உருவாக்குகின்றன என்ற பக்கத்துக்கே அந்தப் படம் போகவில்லை.

ஃபிராய்ட் அந்தப் பக்கம் போனார். இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று மூன்றாகப் பிரித்த 1923-ஆம் ஆண்டு நூலை எல்லோரும் அந்த மூன்று பெயருக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் ஒரு முக்கியமான இடம், நாம் விட்டுவிட நேர்ந்தவர்களின் படிவுதான் நம் ஈகோவின் குணம் என்று அவர் சொல்வது. அதாவது, இழந்தவர்களை நாம் உள்ளே வாங்கிக்கொள்கிறோம், அவர்களால்தான் 'நான்' ஆகிறேன்.

இதை வைத்துக்கொண்டு ஹாரியைப் பாருங்கள். அவள் முழுக்க முழுக்க இன்னொருவன் நினைவால் ஆனவள். பெட்டியிலிருக்கும் புகைப்படத்தை எடுத்து, இது யார் என்று கேட்கிறாள்; கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அது தான் என்று தெரிகிறது. நூலகக் காட்சியில் நிலையத்து விஞ்ஞானி சர்தோரியஸ் அவளை வெறும் நகல் என்கிறான். அவள் அழுதுகொண்டே, நான் மனுஷியாகிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். நான் அவள் பக்கம். இன்னொருவர் நினைவால் ஆனதால் அவள் போலி என்றால், ஃபிராய்ட் கணக்குப்படி நாம் எல்லோரும் கணிசமான அளவுக்குப் போலிகள். கடைசியில் கெல்வினுக்குத் தெரியாமல், தன்னை அழித்துவிடச் சொல்லி முடிவெடுப்பவளும் அவள்தான். அவன் ஆசைக்கு எதிராக அவளால் ஒரு முடிவெடுக்க முடிகிறது. அந்த இடத்தில் அவள் நிஜம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபிராய்டின் மகள் சோஃபி 1920-இல், 26 வயதில் இறந்துபோனாள். 1929-இல், மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், இந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பினாலும் அது வேறாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதே சரி, அந்த அன்பை விடாமல் வைத்திருக்க அதுதான் வழி என்ற பொருளில் எழுதினார். துக்கம் ஒருநாள் முடியும் என்று 1917-இல் எழுதியவர் அவர்தான். 'சொலாரிஸ்' முடிவில் கெல்வின் அப்பாவின் வீட்டு வாசலில் மண்டியிடுகிறான், கேமரா மேலே போகப் போக அந்த வீடே கடலின் நடுவில் ஒரு தீவு என்று தெரிகிறது. அவன் தோற்றுவிட்டான், மாயையில் சிக்கிவிட்டான் என்று சொல்பவர்கள் 1917-இன் ஃபிராய்டோடு நிற்கிறார்கள். நான் 1929-இன் ஃபிராய்டோடு நிற்கிறேன்.

லெமுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. நீ எடுத்தது தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', என் 'சொலாரிஸ்' இல்லை என்று குறைபட்டார். மனிதனால் ஒருக்காலும் புரிந்துகொள்ள முடியாத அந்நியமான ஒன்று அந்தக் கடல்; அதுதான் அவருக்கு முக்கியம். எழுதியவராக அவர் கோபம் நியாயம்தான், நாவலையும் கட்டாயம் படியுங்கள். ஆனால் அந்தக் கவுன் காட்சியில் கெல்வின் நிற்கும் நிலை எனக்கு அந்தக் கடலைவிடப் பெரிய புதிர்.

படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். ஹாரி வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நடுவில் டோக்கியோ நெடுஞ்சாலையில் நீளமான ஒரு கார்ப் பயணம் வரும், பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். பார்த்துவிட்டு, கடைசிக் காட்சியில் கெல்வின் தோற்றுவிட்டான் என்றே உங்களுக்குத் தோன்றினால் ஏன் என்று கீழே எழுதுங்கள். அதைப் படிக்க எனக்கு நிஜமாகவே ஆசை.