எலிக்குப் பரிசா?

‘கிஃப்ட்’ என்ற ஆங்கிலச் சொல் ‘கொடு’ என்னும் வினையோடு தொடர்புடையது என்பதோடு, சொற்களின் பிறப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் வந்த கட்டுரை நின்றுவிட்டது. சுவையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதே எழுத்துகளில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு. எலி மருந்துக்கு அங்கே ‘ராட்டன்கிஃப்ட்’ என்று பெயர். எலிக்குப் பரிசு என்று படித்துவிடக் கூடாது! அங்கும் முதலில் ‘கொடுப்பது’ என்பதே பொருள். மருந்தளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘டோசிஸ்’ என்பதற்கும் கொடுத்தல் என்றே அர்த்தம். அந்த வழியில்தான் கொடுத்தது மருந்தாகி, மருந்து நஞ்சாகியிருக்கிறது. வரதட்சிணையைச் சொல்லும் ஜெர்மன் சொல்லான ‘மிட்கிஃப்ட்’டில் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்வீடிஷ் மொழியில் அதே எழுத்துகளை ‘யிஃப்ட்’ என்று உச்சரிக்கிறார்கள்: நஞ்சு என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள். இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. வீட்டிலும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.